தோலில் ஒரே ஒரு துளை

கொயோட்டி என்பது வட அமெரிக்காவின் ஓநாய் போன்ற காட்டு விலங்கு. உரித்த கொயோட்டித் தோலை உட்புறம் வெளியே தெரியும்படி பலகையில் மாட்டிவைத்துப் பாருங்கள். குண்டு எப்படிப் போனது என்பதை அந்தத் தோலே சொல்லிவிடும். ஒரு பக்கம், விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு சின்னப் புள்ளி. பென்சிலின் முனை நுழையும், பென்சில் நுழையாது. பலகையைத் திருப்பினால் மறுபக்கம் கைமுட்டி புகும் அளவுக்கு ஒரு கிழிசல். ஓரங்கள் நாலாபக்கமும் பிளந்திருக்கின்றன, விலா எலும்பின் சில்லு ஒன்று தோலில் குத்தி நிற்கிறது. இரண்டையும் செய்தது ஒரே குண்டுதான். அந்த இரண்டு துளைகளுக்கும் நடுவில் இருந்த உடம்பின் அகலம் ஒரு சாண்கூட இருக்காது. குண்டு அதைக் கடக்க ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிகூட ஆகியிருக்காது.

வட அமெரிக்காவில் கொயோட்டி, செந்நரி, சாம்பல் நரி, பாப்கேட் எனும் காட்டுப்பூனை ஆகியவற்றை ரோமத்துக்காக வேட்டையாடுகிறவர்கள் காலங்காலமாக மல்லுக்கட்டுவது இந்த மறுபக்கத் துளையோடுதான். கண்ணியில் பிடிபட்ட விலங்கின் தோல் முழுசாகக் கிடைக்கும். ரைஃபிளால் சுட்டால் துளை நிச்சயம். ஒன்றா இரண்டா, புள்ளியா கிழிசலா என்பதுதான் கேள்வி. புதிதாக இதில் இறங்குகிறவர் முதலில் கேட்பது "எந்த காலிபர் வாங்கட்டும்?" என்று. பதிலாக ஓர் எண்ணைச் சொல்லிவிடுவது சுலபம், பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த எண் மட்டும் தோலைக் காப்பாற்றாது. குண்டு விலங்கின் உடலில் எங்கே நிற்கிறது என்பதே தோலின் கதியை முடிவு செய்கிறது. காலிபரைத் தேர்ந்தெடுப்பது என்றால், குண்டு நெஞ்சுக்கூட்டுக்குள் போய் அங்கேயே நின்றுவிட என்ன செய்ய வேண்டும் என்று யோசிப்பதுதான்.

சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம். தோட்டா என்பது உறை, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது. குண்டு என்பது குழலிலிருந்து பறந்து போகும் உலோகத் துண்டு மட்டும். காலிபர் என்று நாம் சொல்வது அதன் விட்டத்தை. இங்கேயே ஒரு குழப்பம் இருக்கிறது. .222 ரெமிங்டன், .223 ரெமிங்டன், .22-250 ரெமிங்டன், .220 ஸ்விஃப்ட் என்று நான்கு பெயர்கள். நான்கிலும் பறப்பது .224 அங்குல விட்டமுள்ள குண்டுதான். பின்னால் இருக்கும் உறையின் அளவும் மருந்தின் அளவும்தான் வேறு. 55 கிரெய்ன் எடையுள்ள குண்டை .223 விநாடிக்குச் சுமார் 3,240 அடி வேகத்தில் தள்ளுகிறது, .22-250 சுமார் 3,680 அடி வேகத்தில் தள்ளுகிறது. ஆற்றலில் கணக்கிட்டால் முன்னது ஏறக்குறைய 1,280 அடி-பவுண்டு, பின்னது 1,650. விட்டம் ஒன்றேயானாலும் தோலுக்கு நேர்வது ஒன்றாக இருக்காது. (ஒரு கிரெய்ன் என்பது 0.0648 கிராம். 55 கிரெய்ன் குண்டு மூன்றரை கிராம்தான் வரும்.)

உடலுக்குள் என்ன நடக்கிறது?

ரோம வேட்டைக்கான குண்டுகள் பெரும்பாலும் மெல்லிய செப்பு உறைக்குள் ஈயம் வைத்தவை. முனையில் ஒரு குழிவு இருக்கும், அல்லது கூரான பிளாஸ்டிக் முனை செருகியிருக்கும். சதையைத் தொட்டதும் முனை பின்னால் அழுந்தி உறையைப் பிளக்கிறது, ஈயம் தூள் தூளாகச் சிதறுகிறது. மானுக்குச் சுடும் குண்டு காளான் போல விரிந்து ஒரே துண்டாக ஆழமாகப் போக வேண்டும். இது நேர் எதிர்: இரண்டு மூன்று அங்குலம் போனதும் முழுவதும் உடைந்துவிட வேண்டும். நுரையீரலும் இதயமும் இருக்கும் இடத்தில் உடைந்தால் விலங்கு நின்ற இடத்திலேயே விழும். துண்டுகள் ஒவ்வொன்றும் அற்பமான எடை என்பதால் மறுபக்க விலாவையும் தோலையும் தாண்ட அவற்றுக்குத் தெம்பு இருக்காது. அதனால் தோலில் ஒரே ஒரு துளை, அதுவும் புள்ளி. வேட்டைக்காரர் விரும்புவது இந்த முடிவைத்தான்.

அது இரண்டு விதமாகக் கெட்டுப்போகலாம். ஒன்று, குண்டு தாமதமாக உடைவது. பாதி விரிந்த நிலையில் மறுபக்கத்தை அடையும்போது முன்னால் இருக்கும் எலும்புச் சில்லையும் சதையையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வெளியேறும். மேலே சொன்ன கைமுட்டித் துளை இப்படி வந்ததுதான். இன்னொன்று, குண்டு சீக்கிரமே உடைவது. தோலைத் தொட்ட உடனேயே, அல்லது தோள்பட்டை எலும்பில் பட்ட உடனேயே வெடித்துச் சிதறி, மேற்பரப்பில் தட்டையாக ஒரு பெரிய பள்ளம் தோண்டும். ஆங்கிலத்தில் இதை ஸ்பிளாஷ் என்பார்கள், தண்ணீரைக் கையால் அறைந்த மாதிரி. இது இரண்டிலும் மோசமானது. தோலும் போகும், விலங்கும் உடனே சாகாது. தோளில் பெரிய காயத்தோடு புதருக்குள் ஓடிப்போய் மணிக்கணக்கில் துடிக்கும். தோலின் விலையைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது. தோலைக் காப்பாற்ற நினைத்து விலங்கை அரைகுறையாகக் காயப்படுத்துகிறவர் இரண்டையும் இழக்கிறார், அந்த உயிருக்கும் அநியாயம் செய்கிறார். உடனடி மரணம் முதல் நிபந்தனை. தோல் அதற்கு அடுத்தது.

குண்டு சீக்கிரம் உடைவதும் தாமதமாக உடைவதும் எதைப் பொறுத்தது? குண்டைப் போர்த்திய செப்பு உறையின் தடிமன் ஒரு காரணம். படும் நேரத்து வேகம் மற்றொன்று. குழல்வாயில் இருக்கும் வேகத்தைத்தான் பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். தோலுக்குத் தேவைப்படுவது விலங்கைத் தொடும்போது உள்ள வேகம். .223-இல் 3,240 அடி வேகத்தில் புறப்படும் 55 கிரெய்ன் குண்டு 100 கெஜத்தில் சுமார் 2,850 அடியாகவும், 200 கெஜத்தில் 2,500 அடியாகவும், 300 கெஜத்தில் 2,170 அடியாகவும் இறங்கிவிடும். .22-250-இலிருந்து புறப்பட்ட அதே குண்டு 100 கெஜம் பறந்த பிறகும் .223-இன் குழல்வாயில் இருக்கும் வேகத்தோடு ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே 100 கெஜத்தில் நிற்கும் நரியை .22-250-ஆல் சுடுவதும், .223-இன் குழலுக்கு முன்னால் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துச் சுடுவதும் ஏறக்குறைய ஒன்று. இந்த ஒரு கணக்கு மனத்தில் பதிந்துவிட்டால் காலிபர் விவாதத்தில் பாதி முடிந்துவிடும்.

பலர் கவனிக்காத இன்னொன்று சுழற்சி. ரைஃபிள் குழலின் உள்ளே முறுக்கிய வரிகள் இருக்கின்றன. 12 அங்குலத்துக்கு ஒரு முறுக்கு என்றால், 3,240 அடி வேகத்தில் போகும் குண்டு விநாடிக்கு 3,240 தடவை சுழலும், நிமிடத்துக்கு 1,94,000 சுற்றுக்கு மேல். 9 அங்குலத்துக்கு ஒரு முறுக்கு என்றால் அது 2,59,000-ஐத் தாண்டும். இத்தனை வேகமாகச் சுழலும் மெல்லிய உறை, முனையில் விரிசல் விட்ட மறுகணமே தன் சுழற்சியாலேயே பிய்த்துக்கொண்டு சிதறும். அதனால்தான் இரண்டு பேர் ஒரே பெட்டித் தோட்டாவை வாங்கி, இரண்டு .223 ரைஃபிள்களில் போட்டுச் சுட்டு, வெவ்வேறு தோல்களோடு வீடு திரும்புகிறார்கள். அந்தத் தோட்டாவைப் பற்றி இருவரும் எதிரெதிராகச் சொன்னாலும், இருவர் சொல்வதும் உண்மைதான்.

சின்னதிலிருந்து தொடங்கினால்

.17 எச்.எம்.ஆர். 2002-இல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்த ரிம்ஃபயர் தோட்டா, அதாவது உறையின் விளிம்பில் அடித்து வெடிக்க வைப்பது. .22 மேக்னம் உறையின் கழுத்தை .17 அங்குலத்துக்குச் சுருக்கிச் செய்தது. 17 கிரெய்ன் குண்டு, அதாவது ஒரு கிராமுக்குச் சற்றே கூடுதல், விநாடிக்கு 2,550 அடி வேகத்தில் புறப்படும். சத்தம் குறைவு, உதைப்பு இல்லவே இல்லை, தோலில் துளை இருக்குமிடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 50, 60 கெஜத்துக்குள் வந்து நிற்கும் சாம்பல் நரிக்கும் செந்நரிக்கும் அருமையான தேர்வு. ஆனால் அந்த இலேசான குண்டு 100 கெஜம் போவதற்குள் 1,900 அடிக்கு இறங்கிவிடுகிறது. புறப்படும்போது இருந்த 245 அடி-பவுண்டு ஆற்றலில் அங்கே மிஞ்சுவது ஏறக்குறைய 136. கொயோட்டியை இதனால் சுட்டு வீழ்த்தியவர்கள் இருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்பலாம். அதை நம்பி இதைக் கொயோட்டிக்கென்று வாங்குவது சரியில்லை. தோள் எலும்பில் பட்டால் ஸ்பிளாஷ், விலங்கு போய்விடும். 1959-இல் வந்த .22 மேக்னம் 40 கிரெய்ன் குண்டைச் சுமார் 1,900 அடி வேகத்தில் தள்ளும். நரிக்கும் பாப்கேட்டுக்கும் கிட்டத்திலிருந்து போதும், அவ்வளவுதான்.

.22 ஹார்னட் 1930-இலிருந்து இருக்கும் பழைய தோட்டா. 45 கிரெய்ன் குண்டை 2,690 அடி வேகத்தில் தள்ளும், ஆற்றல் 720 அடி-பவுண்டு. இன்றைய எண்களோடு வைத்துப் பார்த்தால் பழசாகத் தெரியும். ஆனால் ரோம வேட்டைக்காரர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் அந்த மிதமான வேகமேதான். 150 கெஜத்துக்குள் நரி, பாப்கேட் இரண்டுக்கும் தோலைக் கிழிக்காமல் வேலையை முடிக்கும். ஹார்னட்டுக்கென்று செய்த குண்டுகளின் உறை இந்த வேகத்துக்கு ஏற்றபடி மிக மெல்லியது. தாங்களே தோட்டா நிரப்புகிறவர்கள் அதே குண்டை .22-250 உறையில் வைத்து முழு வேகத்தில் அனுப்பினால், தோலைத் தொட்டதும் பொடியாகிவிடும்.

அடுத்து வருவது இந்த வேலைக்கென்றே பிறந்தது போன்ற குடும்பம்: மைய வெடிப்புள்ள, அதாவது உறையின் அடிப்பக்க நடுவில் அடித்து வெடிக்க வைக்கும் .17-கள். ரெமிங்டன் நிறுவனம் 1971-இல் .17 ரெமிங்டனைக் கொண்டுவந்தது. 25 கிரெய்ன் குண்டு, விநாடிக்கு 4,040 அடி வேகம், ஆற்றல் 900 அடி-பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. ஒன்றரை கிராமுக்குச் சற்று மேலான உலோகம் இத்தனை வேகத்தில் கொயோட்டியின் நெஞ்சுக்குள் போனால், இதய நுரையீரல் பகுதியில் முழுதாகச் சிதறி, மறுபக்கம் எட்டுவதே அபூர்வம். நுழைந்த துளை ஒரு தீக்குச்சித் தலை அளவுக்குத்தான். உரித்துத் திருப்பினால்தான் தெரியும், ரோமப் பக்கம் சீவிவிட்டால் மறைந்துவிடும். 2007-இல் வந்த .17 ரெமிங்டன் ஃபயர்பால் இதே வேலையை 20 கிரெய்ன் குண்டாலும் குறைந்த மருந்தாலும் செய்கிறது. வேகம் ஏறக்குறைய 4,000 அடி, குழல் சீக்கிரம் சூடேறாது. 2012-இல் ஹார்னடி கொண்டுவந்த .17 ஹார்னட் 20 கிரெய்ன் குண்டை 3,650 அடி வேகத்தில் தள்ளும், நரிக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது கடினம்.

தோலை மட்டும் நினைத்தால் என் ஓட்டு .17 ரெமிங்டனுக்கு. ஆனால் அதன் தொல்லைகளையும் சொல்லியாக வேண்டும். இத்தனை இலேசான குண்டைக் காற்று இழுத்துக்கொண்டு போகும். திறந்த புல்வெளியில் குளிர்காலக் காற்று ஒருநாளும் ஓய்வதில்லை. 200 கெஜத்துக்கு மேல் நீங்கள் குறிவைத்தது நுரையீரல், பட்டது வயிறு என்று ஆகலாம். குழலின் உள்துளை குறுகியது என்பதால் செப்புப் படிவு சீக்கிரம் சேர்ந்து குறி கலையும். துடைப்பதற்கு அதற்கென்றே மெல்லிய கம்பி வேண்டும், சாதாரணக் கம்பி நுழையாது. தோட்டா எல்லாக் கடைகளிலும் கிடைக்காது. நேர்ப் பக்கவாட்டில் நிற்கும் விலங்குக்கு அற்புதமாக வேலை செய்யும் இந்தக் குண்டு, முன்னங்காலின் தடித்த எலும்பில் பட்டால் அங்கேயே உடைந்துவிடலாம். பொறுமையாகக் காத்திருந்து, சரியான கோணம் கிடைத்தால் மட்டும் சுடுகிறவருக்கானது இது. அவசரக்காரருக்கு ஒத்துவராது.

.204 ரூகர் 2004-இல் வந்தது. ஹார்னடியும் ரூகர் நிறுவனமும் சேர்ந்து, .222 ரெமிங்டன் மேக்னம் உறையை வைத்துச் செய்தது. 32 கிரெய்ன் குண்டை 4,225 அடி வேகத்தில் அனுப்பும், 40 கிரெய்ன் என்றால் 3,900 அடி. .17-ஐவிடக் காற்றை நன்றாகச் சமாளிக்கும், உதைப்பு மிகக் குறைவு, சுட்ட பிறகும் ஸ்கோப் எனும் குறிபார்க்கும் தொலைநோக்கியில் விலங்கு தெரிந்துகொண்டே இருக்கும். கொயோட்டித் தோலுக்கு இது பெயர் வாங்கியதற்குக் காரணம் 40 கிரெய்ன் குண்டுதான். 32 கிரெய்ன் குண்டு தரை அணில் போன்ற சின்ன விலங்குகளுக்கு நன்றாக இருக்கும், கிட்டத்தில் வரும் கொயோட்டியின் தோளில் பட்டால் ஸ்பிளாஷ் ஆகும் அபாயம் அதிகம். .204 மோசம் என்று சிலரும் பிரமாதம் என்று சிலரும் சொல்வதைக் கேட்டால், எத்தனை கிரெய்ன் என்று முதலில் கேளுங்கள்.

.223-ஐப் பற்றிப் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. ராணுவத்தின் 5.56 மில்லிமீட்டர் தோட்டாவோடு பிறந்தது, தோட்டா எங்கும் கிடைக்கும், ரைஃபிள்களும் விதவிதமாகக் கிடைக்கும். தோலுக்கு மிகச் சிறந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் 40 அல்லது 50 கிரெய்ன் எடையில், பிளாஸ்டிக் முனையுள்ள, எளிதில் சிதறும் குண்டைப் போட்டால் கொயோட்டியில் பெரும்பாலும் உள்ளேயே நின்றுவிடும். நரியில் நிற்காமல் போகலாம். ஒரே ஒரு ரைஃபிள்தான் வாங்க முடியும், பயிற்சிக்கும் அதையே நிறையச் சுட வேண்டும் என்றால், நான் .223-ஐத்தான் சொல்வேன். அடிக்கடி சுட்டுப் பழகியவர் குண்டைச் சரியான இடத்தில் வைப்பார். தோலை அதைவிட அதிகமாகக் காக்கும் தொழில்நுட்பம் எதுவும் இல்லை.

.22-250-உம் 1935-இல் வந்த .220 ஸ்விஃப்ட்டும் திறந்தவெளிக்கானவை. 250, 300 கெஜம் தள்ளி நிற்கும் கொயோட்டியில் வேகம் இறங்கியிருக்கும், அங்கே தோலும் ஓரளவு தப்பும். அதே ரைஃபிளை எடுத்துக்கொண்டு 40 கெஜத்தில் ஓடிவரும் நரியைச் சுட்டால் தைக்கவே முடியாத துளை விழும். .243 வின்செஸ்டர் மானுக்கும் சேர்த்து வாங்குவது. தோல் வேண்டும் என்கிறவர் அதைத் தவிர்ப்பது நல்லது.

உடையாத குண்டு என்ற சபலம்

இந்த இடத்தில் பலருக்கும் ஒரு யோசனை வரும். குண்டு விரிவதால்தானே கிழிசல்? விரியவே விரியாத, முழுக்க உலோக உறை போர்த்திய, ராணுவ பாணிக் குண்டைப் போட்டால் இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி, இரண்டு தையலில் வேலை முடிந்ததே!

காகிதத்தில் சரியாகத்தான் இருக்கிறது. விலங்கின் உடம்பில் இல்லை. அந்தக் குண்டு தன் ஆற்றலில் பெரும்பகுதியை உள்ளே செலவழிக்காமல், தனக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டுக்குக் கொண்டுபோகிறது. நுரையீரலில் பென்சில் கனத்துக்கு ஒரு துளையோடு கொயோட்டி நூற்றுக்கணக்கான கெஜம் ஓடும். பனி இல்லாத நாளில் அதன் தடம் கிடைக்காது. கிடைக்காத விலங்கின் தோல் எவ்வளவு நேர்த்தியாக இருந்து என்ன பயன்? போதாக்குறைக்கு அந்தச் சிறு துளைக்கும் உத்தரவாதம் இல்லை. .224 விட்டமுள்ள 55 கிரெய்ன் ராணுவக் குண்டு விநாடிக்கு 2,700 அடிக்கு மேல் வேகத்தில் சதைக்குள் புகுந்தால், குட்டிக்கரணம் அடித்து, தன் நடுவைச் சுற்றியுள்ள பள்ளத்தில் முறிந்து சிதறுவதுண்டு. .223-இல் அந்த வேகம் 100 கெஜத்துக்கு அப்பாலும் இருக்கிறது. ஆகவே கிட்டத்தில் சுட்டால் புள்ளியும் வரலாம், கைமுட்டியும் வரலாம். உறைந்து கிடக்கும் தரையில் பட்டுத் தெறித்து வேறெங்காவது போகும் அபாயமும் இந்தக் குண்டில் அதிகம். சில மாநிலங்களில் வேட்டைக்கு இதைப் பயன்படுத்தவே அனுமதி இல்லை. .17-கள் போன்ற மெல்லிய தோட்டாக்களில் வேகத்தைக் குறைத்து, உறுதியான குண்டு வைத்துச் சுடுகிற கைதேர்ந்தவர்கள் இருக்கலாம். மற்றவர்களுக்கு இந்த வழி வேண்டாம்.

எந்த விலங்கு, எவ்வளவு கிட்டத்தில்

கொயோட்டியின் தோல் தடிமனானது, இழுத்தால் தாங்கும். கம்பளி போன்ற ரோமம் சின்னத் தையலை விழுங்கிவிடும். செந்நரியின் தோல் ஈரக் காகிதம் போல. குண்டு போட்ட துளையைவிட, உரிக்கும்போது அந்தத் துளை ஓரம் கிழிந்து நீள்வதுதான் பெரிய நஷ்டம். செந்நரி பார்க்கப் பெரிதாக இருக்கும், அத்தனையும் ரோமம். உள்ளே இருக்கும் உடம்பு நான்கு, ஐந்து கிலோதான். சிதறும் குண்டுக்குச் சிதறி நிற்க அங்கே இடமே இல்லை, உள்ளே வந்த வேகத்தில் மறுபக்கம் வந்துவிடும். கொயோட்டிக்குப் பொருத்தமான தோட்டா நரியைக் கெடுப்பதற்குக் காரணம் இதுதான். பாப்கேட்டில் மதிப்பெல்லாம் வெள்ளை வயிற்றில் இருக்கும் கரும்புள்ளிகளில் இருக்கிறது. அந்த வயிற்றுப் பக்கம் குண்டு வெளியேறினால் தோலின் விலை அங்கேயே விழுந்துவிடும். கொயோட்டியில் முதுகும் கழுத்தும் முக்கியம், குளிராடைகளின் தலைமூடி ஓரத்துக்குப் போவது அந்த நீண்ட ரோமம்தான். ஒரே அளவு துளை கொயோட்டியின் அடிவயிற்றில் இருந்தால் பெரிய பாதிப்பில்லை, நடு முதுகில் இருந்தால் பாதிக்கும்.

தூரத்தைப் பற்றி வேட்டைக்காரர்கள் தங்களிடமே உண்மையாக இருப்பதில்லை என்று நினைக்கிறேன். ரைஃபிள் வாங்கும்போது 300 கெஜக் கொயோட்டியை மனத்தில் வைத்து வாங்குகிறார்கள். ஆனால் இந்த வேட்டையில் பெரும்பாலும் அடிபட்ட முயல் அலறுவது போல ஒலி எழுப்பி விலங்கைத் தன்னிடம் வரவழைப்பார்கள். அதன் நோக்கமே கிட்டத்தில் வரவைப்பது. புதர் மண்டிய இடத்தில் நரியும் பாப்கேட்டும் 30, 40 கெஜத்தில் தலைகாட்டும். அந்தத் தூரத்தில் ரைஃபிளைவிட, பெரிய சன்னங்கள் போட்ட ஷாட்கன் நன்றாக வேலை செய்யும் என்று இரண்டையும் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. சென்ற வருடம் நீங்கள் சுட்ட விலங்குகள் ஒவ்வொன்றும் எத்தனை கெஜத்தில் நின்றன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வாங்க வேண்டிய தோட்டா அந்தத் தாளிலேயே இருக்கிறது. 100 கெஜத்துக்குள் என்றால் .17 ஹார்னட், .22 ஹார்னட், ஃபயர்பால். 100 முதல் 250 வரை, பெரும்பாலும் கொயோட்டி என்றால் .17 ரெமிங்டன், 40 கிரெய்னில் .204, அல்லது இலேசான குண்டோடு .223. எப்போதும் 250-க்கு மேல் என்றால் .22-250.

பெரிய தோட்டா ஏற்கனவே கையில் இருக்கிறது, வேறு வாங்க மனமில்லை என்றால் அதற்கும் வழி உண்டு. தாங்களே தோட்டா நிரப்புகிறவர்கள், தோட்டா நிரப்பும் கையேடுகளில் குறைந்த வேகத்துக்கென்று கொடுத்திருக்கும் அளவுப்படி மருந்தைக் குறைத்து, .22-250-ஐ .223 மாதிரி நடக்க வைக்கலாம். மருந்தைத் தன் இஷ்டத்துக்குக் குறைப்பது மட்டும் கூடாது. சில மெதுவான மருந்துகளை அளவுக்கு மீறிக் குறைத்தால் அழுத்தம் எதிர்பாராமல் எகிறும்.

அப்புறம், குண்டு எங்கே படுகிறது என்பது. பக்கவாட்டில் நிற்கும் விலங்கில் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சின் நடு உயரத்தில் வைத்தால் தோள் எலும்பு தப்பும். விலாவின் மெல்லிய எலும்பைத் துளைத்து குண்டு நுரையீரலுக்குள் போய் உடையும். நேருக்கு நேராக நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் விலங்கில் கழுத்துக்குக் கீழே, நெஞ்சின் நடுவில். குண்டுக்கு முன்னால் உடம்பின் முழு நீளமும் இருப்பதால் அது வெளியே வரவே வராது. கூப்பிட்டால் வரும் விலங்கு பெரும்பாலும் இப்படித்தான் நம்மைப் பார்த்து நிற்கும் என்பது ஒரு வசதி. சாய்வாக நிற்கும் விலங்குதான் தோலுக்கு எமன்: உள்ளே போவது விலாவில், வெளியே வருவது எதிர்ப்பக்கத் தோளில், எலும்பையும் சேர்த்துக்கொண்டு. ஒரு நொடி பொறுத்தால் அது திரும்பும். தலையில் சுட்டால் தோல் முழுசாகத் தப்புமே என்று சிலர் சொல்வார்கள். ஓயாமல் அசையும் சின்ன இலக்கு அது. ஓர் அங்குலம் தவறினால் தாடை உடைந்து, பட்டினி கிடந்து நாள்கணக்கில் சாகும். அதைச் செய்யக் கூடாது.

சந்தையையும் சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்

ரோமச் சந்தை இன்று பழைய நிலையில் இல்லை. கனடாவின் பெரிய ஏல நிறுவனமான நார்த் அமெரிக்கன் ஃபர் ஆக்‌ஷன்ஸ் 2019-இல் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பு கேட்கும் நிலைக்குப் போனது. கொயோட்டி ரோமத்தைத் தலைமூடி ஓரங்களில் வைத்துப் பெயர்பெற்ற கனடா கூஸ் நிறுவனம், ரோமம் வாங்குவதை 2021 முடிவோடும், ரோமம் வைத்துத் தைப்பதை 2022 முடிவோடும் நிறுத்துவதாக 2021 ஜூனில் அறிவித்தது. தேவை சரிந்த சந்தையில் வாங்குகிறவர் நல்ல தோலைப் பொறுக்கி எடுப்பார், கிழிந்ததை ஒதுக்குவார். விற்பதைவிடத் தானே பதனிட்டு வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் முழுத்தோல் வேண்டும்.

காட்டு உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் பாப்கேட் இருப்பதால், அதன் தோல் நாட்டைவிட்டு வெளியே போக அடையாள வில்லையும் அனுமதியும் தேவை. கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயமில்லாத குண்டுதான் போட வேண்டும், பாப்கேட் வேட்டைக்கு 2020 முதல் தடை, புதிய ரோமப் பொருள் விற்பனைக்கு 2023 முதல் தடை. ஈயம் கூடாத இடங்களில், செம்பும் வெள்ளீயமும் கலந்த தூளை உள்ளே அடைத்த பார்ன்ஸ் நிறுவனத்தின் வார்மின்ட் கிரனேட் போன்ற குண்டுகள் சிதறும் வேலையை நன்றாகவே செய்கின்றன. இரவு வேட்டைக்கு எந்தத் தோட்டா அனுமதி என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். துப்பாக்கி வாங்குவதற்கு முன்பே அந்த வருடத்து விதிப் புத்தகத்தைப் படித்துவிட வேண்டும்.

மாதமும் முக்கியம். பல மாநிலங்களில் கொயோட்டியை வருடம் முழுவதும் சுடலாம், ஆனால் கோடைத் தோலுக்கு மதிப்பே இல்லை. குளிர் இறங்கி, ரோமம் முழுதாக வளர்ந்த தோலின் உட்புறம் வெண்ணெய் நிறத்தில் இருக்கும். முற்றாத தோலின் உட்புறம் நீலம் பாய்ந்திருக்கும். குளிர்காலம் முடியும் தறுவாயில் விலங்குகள் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து இடுப்புப் பக்கம் ரோமத்தைக் குட்டையாக்கிவிடும். அந்த நாட்களில் துளையைப் பற்றிக் கவலைப்படுவதில் அர்த்தம் குறைவு.

சுட்ட பிறகு செய்வதையும் குண்டுத் தேர்வின் பகுதியாகவே நினைக்க வேண்டும். உள்ளே சிதறி நின்ற குண்டு வெளியே துளை போடாமல் விட்டாலும், நெஞ்சுக்கூடு நிறைய ரத்தம் கட்டியிருக்கும். தூக்கித் தோளில் போட்டால் அது மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் வடிந்து, கழுத்து ரோமத்தில் ஊறிக் காயும். பாப்கேட்டின் வெள்ளை வயிற்றில் பட்டால் கறை போகாமல் நின்றுவிடும். அதனால் விலங்கின் அருகே போனதும், அது இறந்துவிட்டதை உறுதி செய்துகொண்டு, துளையிலும் மூக்கிலும் வாயிலும் பஞ்சோ துணியோ அடைத்துவிட்டு, பின்னங்காலைப் பிடித்துத் தூக்காமல் தலை மேலே இருக்கும்படி எடுத்துவர வேண்டும். ரத்தம் பட்ட ரோமத்தைக் குளிர்ந்த நீரில் அலச வேண்டும், வெந்நீர் கறையை இறுக்கிவிடும். உரித்து, கொழுப்பை வழித்த பிறகு, தோல் ஈரமாக இருக்கும்போதே உட்புறத்திலிருந்து மெல்லிய ஊசியால் நெருக்கமாகத் தைத்துவிடலாம். கிழிசல் வட்டமாக இருந்தால் அதை முதலில் இரண்டு பக்கமும் கூராக வெட்டிக் கண் வடிவத்துக்குக் கொண்டுவந்தால் மடிப்பு விழாமல் மூடும். .17 போட்ட புள்ளிக்கு இரண்டு தையல், சில நேரம் அதுகூட வேண்டாம். பலகையில் இழுத்து மாட்டும்போது தைத்த இடத்தில் விரல் வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், காய்ந்து இறுகும்போது பிரிவது அங்கேதான்.